சாவகாசமாகச் சாப்பிட எங்கள் பக்கம் ஓர் இடம் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

துறைமுகத்தில் 34 வருடம் ஷிஃப்ட் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அப்போதெல்லாம் மதியச் சாப்பாடு என்றால் டிபன் பாக்ஸைத் திறந்து பத்து நிமிடத்தில் மூடுவதுதான். போன புதன்கிழமை மனைவியோடு தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி, ஆயிரம் விளக்கில் இறங்கி, ஒரு நல்ல உணவகத்துக்குப் போனேன். வெள்ளை மேஜைவிரிப்பு, துணி நாப்கின், ஜன்னலோரம் இரண்டு பேர் உட்காரும் மேஜை. வார நாள் என்பதால் கூட்டமில்லை. சூப், வஞ்சிரம் வறுவல், ஆப்பம், கடைசியில் இளநீர் பாயசம். காசிமேட்டு மீனிலேயே வளர்ந்தவள் என் மனைவி. நடுமுள்ளை நிதானமாக எடுத்து வைத்துவிட்டு, "சூடா இருக்கும்போதே நான் உட்கார்ந்து சாப்பிட்டு எத்தனை நாளாச்சு" என்றாள். வீட்டில் எப்போதும் கடைசியாகச் சாப்பிடுகிறவள் அவள்தானே. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். நாங்கள் கேட்கும்வரை யாரும் பில்லை நீட்டவில்லை.

வடசென்னையில் ருசிக்குக் குறைவில்லை. பாரிமுனைப் பக்கம் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ், சௌகார்பேட்டை மின்ட் தெருவில் சாட், எல்லாம் உண்டு. ஆனால் பெரும்பாலும் நின்றபடி, இடிபட்டபடிதான் சாப்பிட வேண்டும். 2021-லேயே மெட்ரோ விம்கோ நகர் வரை வந்துவிட்டது. ராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ இப்படி ஓர் உணவகம் திறந்தால் மாதம் ஒரு முறையாவது நாங்கள் வருவோம். எங்கள் தெருவிலேயே நாலு ஜோடி தயாராக இருக்கிறது.

ஓய்வுபெற்ற துறைமுக ஊழியர்,
தண்டையார்பேட்டை, சென்னை.