மஞ்சள் சுவரை எங்கிருந்து பார்ப்பது

அன்பு மகளுக்கு,

மார்ச் விடுமுறைக்குச் சின்னவனையும் கூட்டிக்கொண்டு வருகிறாய் என்று கேட்டதிலிருந்து அம்மாவுக்குக் கால் தரையில் இல்லை. டோர்ட்முண்ட் உதைபந்தாட்ட மைதானத்து மஞ்சள் சுவரில் நின்றுதான் மாட்ச் பார்ப்பேன் என்று அவன் அடம்பிடிக்கிறானாம். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். தொலைபேசியில் சொன்னால் பாதியிலேயே "சரி அப்பா" என்று வைத்துவிடுவாய்.

அவனை அங்கே நிற்கவிடாதே. பந்து என்றாலே எழுந்து போய்விடுகிறவள் நீ, அதனால் விளக்கமாகவே சொல்கிறேன். மஞ்சள் சுவர் என்பது அங்குள்ள தெற்கு அரங்குதான். அதில் லீக் ஆட்டங்களுக்குச் சுமார் 25,000 பேர் நின்றபடிதான் பார்ப்பார்கள். ஐரோப்பாவில் இவ்வளவு பெரிய நிற்கும் அரங்கு வேறு இல்லை. படிகள் செங்குத்து. கோல் விழுந்தால் மேலேயிருந்து பியர் மழை கொட்டும். ஏழு வயதுப் பையனுக்கு முன்னால் நிற்பவரின் முதுகும் ஒரு கொடியும் தெரியும், அவ்வளவுதான். தவிர, அங்குள்ள இடங்களில் பெரும்பாலானவை பருவச்சீட்டுக்காரர்களுடையவை. காணி உறுதி போலக் காத்து வைத்திருப்பார்கள், லேசில் கைமாறாது.

சுவரை வடிவாகப் பார்க்க வேண்டுமென்றால் அதற்கு எதிரே இருக்கவேண்டும். வடக்கு அரங்கில் இருக்கை எடுப்போம். அங்கே ஒரு பகுதியில் எதிரணி ரசிகர்கள் இருப்பார்கள், அதைத் தவிர்த்து எடுத்தால் போதும். ஆட்டம் தொடங்குமுன் லிவர்பூலில் பாடுகிற அதே பாட்டை இங்கேயும் பாடுவார்கள். அந்த நேரம் எதிரே ஒரு பக்கம் முழுக்கச் சால்வைகள் உயரும். அதற்குள்ளே நிற்பவனுக்கு அது தெரியாது.

2023 மே 27 அன்று நான் அந்த வடக்குப் பக்கம்தான் இருந்தேன். பருவத்தின் கடைசி ஆட்டம், மைன்ஸ் அணியோடு. வென்றால் டோர்ட்முண்டுக்கு லீக் கிண்ணம். 24 நிமிடத்துக்குள் இரண்டு கோல் வாங்கிவிட்டார்கள், இடையில் நம் ஹாலர் ஒரு பெனால்டியையும் தவறவிட்டார். பிறகு ஒன்று திருப்பினார்கள். இதற்குள் கொலோனில் கிண்ணத்துக்கு நம்மோடு போட்டியிட்ட பயர்ன் அணியின் ஆட்டம் 1-1 என்று செய்தி வந்தது, அப்படியே முடிந்தால் கிண்ணம் நமக்கு. எனக்குப் பக்கத்தில் இருந்த கிழவர் கைபேசியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தார். 89ஆம் நிமிடத்தில் பயர்னின் முசியாலா கோல் போட்டார். கிழவர் கைபேசியைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். டோர்ட்முண்ட் கடைசி நொடியில் 2-2 ஆக்கியும் பயனில்லை. டோர்ட்முண்டுக்கும் பயர்னுக்கும் 71 புள்ளிகள், கோல் வித்தியாசத்தில் போய்விட்டது.

முடிந்ததும் தெற்கு அரங்கு கலையவில்லை. பயிற்சியாளர் தெர்சிச் அதன் முன்னால் போய் நின்று அழுதார், அவர்கள் அவருக்காகப் பாடினார்கள். தோற்ற அணியை இப்படி நடத்துகிற கூட்டத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. நம் ஊர் உதைபந்தாட்டப் போட்டிகளில் தோற்றவனுக்கு என்ன கிடைக்கும் என்று உனக்கே தெரியும்!

இனி வேலைக்கு வருவோம். விமானச் சீட்டை அவசரப்பட்டு எடுக்காதே. எந்த வார இறுதி என்று முதலிலேயே தெரியும், ஆனால் வெள்ளியா, சனியா, ஞாயிறா என்பதைச் சில வாரங்களுக்கு முன்புதான் அறிவிப்பார்கள். மார்ச் கடைசியில் நாட்டு அணிகள் ஆடுவதால் லீக்குக்கு ஓய்வு, அந்தக் கிழமையில் வந்தால் வெறும் மைதானத்தைத்தான் காட்டலாம். ரிக்கெற்றைக் கழகத்திடமே வாங்குவோம், உறுப்பினர்களுக்கு முன்னுரிமை உண்டு, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். இணையத்தில் யாரோ விற்பதை இரட்டை விலைக்கு வாங்கி வாசலில் நின்ற ஆட்கள் இங்கே நிறைய. கழகத்தின் ரிக்கெற்றைக் காட்டினாலே மைதானத்துக்கு ரயிலில் போய் வரலாம். பிரதான நிலையத்திலிருந்து யு45 என்ற நகர ரயில். பெரிய பை வேண்டாம், ஏ4 தாள் அளவுக்கு மேல் விடமாட்டார்கள்.

அவனுடைய நீலக் குளிர்ச்சட்டையைத் தயவுசெய்து கொண்டுவராதே. நீலம் ஷால்கேயின் நிறம், பக்கத்து ஊர்ப் பகை. 1974இல் உலகக் கிண்ணத்துக்காக இந்த மைதானத்தைக் கட்டித் திறந்தபோது முதல் ஆட்டத்திலேயே ஷால்கேயிடம் 0-3 என்று தோற்றார்கள். இன்னும் மறக்கவில்லை.

மைதான அறிவிப்பாளர் நோர்பர்ட் டிக்கலைப் பற்றி மட்டும் சின்னவனுக்கு இப்போதே சொல்லிவை. 1989 ஜேர்மன் கிண்ண இறுதியில் காயப்பட்ட முழங்காலோடு இரண்டு கோல் அடித்தவர். கோல் விழுந்ததும் அவர் வீரரின் முதற்பெயரைக் கத்துவார், மைதானம் முழுக்கக் குடும்பப்பெயரைக் கத்தும். 81,000 பேர் கொள்ளும் இடம். அவன் எல்லாப் பெயரையும் பாடமாக்கிக்கொண்டு வரட்டும்.

மாட்ச் சனிக்கிழமை விழுந்தால் ஞாயிறு ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயிலுக்குப் போவோம் என்று அம்மா சொல்லச் சொன்னாள். அப்புறம் சின்னவனின் சட்டை அளவை அனுப்பு. மஞ்சள் சட்டை ஒன்று வாங்கிவைக்கிறேன், உள்ளே கம்பளிச்சட்டை போட வேண்டிவரும், ஒரு அளவு கூட்டியே சொல்.

அன்புடன்,
அப்பா