இரண்டு உடல் இருந்தால் மட்டும் ஆட்டம் நிற்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடற்படை ஆய்வுக்கான இரட்டை உடல் கப்பல்கள் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இந்தத் துறைக்குத் தமிழில் இவ்வளவு இடம் ஒதுக்கியது மகிழ்ச்சி தருகிறது. ஆனால், 'இரண்டு உடல்கள் இருப்பதால் கப்பல் அலையில் ஆடாது' என்று அதில் வந்த வரியைத் திருத்தியே ஆக வேண்டும். ஆட்டத்தைக் குறைப்பது உடல்களின் எண்ணிக்கை அல்ல. கப்பல் நீர்மட்டத்தை வெட்டும் இடத்தில் எவ்வளவு ஒல்லியாக இருக்கிறது என்பதைப் பொறுத்ததுதான் அது.

விசாகப்பட்டினத்தில் 2015 அக்டோபரில் கடற்படையில் சேர்ந்த 'அஸ்திரதாரிணி' ஒரு கேட்டமரான், அதாவது இரண்டு உடல்களை மேலே ஒரு தளத்தால் இணைத்த கப்பல். டார்பிடோக்களைச் சோதனைக்கு ஏவி, திரும்ப எடுத்துவரும் கப்பல் அது. அந்த வேலைக்கு அகலமான தளம் வேண்டும். அதை கேட்டமரான் நன்றாகவே தருகிறது. ஆனால் கேட்டமரானின் இரண்டு உடல்களும் சாதாரணக் கப்பலைப் போல நீர்மட்டத்தில் அகன்றவை. அலை ஏறினால் உடனே மிதப்பு விசை கூடும், கப்பலும் வெடுக்கென்று எழும்பும். கவிழாது, ஆனால் குலுக்கும். கவிழாமல் இருப்பது வேறு, குலுங்காமல் இருப்பது வேறு.

குலுங்காமல் இருக்கக் கட்டுவது ஸ்வாத் (SWATH) வகை, அதாவது நீர்மட்டத்தில் ஒல்லியாக இருக்கும் இரட்டை உடல் கப்பல். நீருக்கடியில் நீர்மூழ்கி போல இரண்டு நீண்ட உருளைகள், அவற்றிலிருந்து மேலே எழும் மெல்லிய சுவர் போன்ற ஸ்ட்ரட்டுகள், அவற்றின் மேல் பெட்டி போன்ற தளம். மிதப்பின் பெரும்பகுதி அலையின் ஆட்டம் குறைந்த ஆழத்தில் இருக்கும். கனடாவைச் சேர்ந்த ஃபிரெடரிக் கிரீட் 1938இலேயே முன்வைத்த யோசனை இது. அமெரிக்கக் கடற்படை 1973இல் 'கைமாலினோ' என்ற சுமார் 200 டன் கப்பலில் இதைச் செய்து பார்த்தது. பிறகு அமெரிக்காவின் 'விக்டோரியஸ்', ஜப்பானின் 'ஹிபிகி' (இரண்டும் 1991), ஹவாய் பல்கலைக்கழகம் இயக்கும் 'கிலோ மோவானா' (2002), ஜெர்மனியின் 'பிளானெட்' (2005) என்று பெரிய கப்பல்கள் வந்தன. இவற்றில் விக்டோரியஸும் ஹிபிகியும் ஒலி உணரிகள் கோத்த நீண்ட கேபிளை மெதுவாக இழுத்துக்கொண்டு வாரக்கணக்கில் கடலில் கிடப்பவை. விக்டோரியஸின் இழுவை வேகம் சுமார் 3 நாட் (மணிக்கு ஏறத்தாழ 5.5 கி.மீ.). அந்த வேகத்தில், சாதாரணக் கப்பலின் பக்கவாட்டுத் துடுப்புகளுக்குப் போதிய நீரோட்டம் கிடைக்காது. அவை ஆட்டத்தை அடக்கமாட்டா. வடிவமே அடக்கினால்தான் உண்டு.

3,000 டன் கப்பல் ஒன்றைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒற்றை உடல் என்றால் நீர்மட்டப் பரப்பு, அதாவது கப்பல் நீர்மட்டத்தை வெட்டும் பரப்பு, ஏறத்தாழ 870 சதுர மீட்டர். ஸ்வாத் என்றால் 180 போதும். உடன் அசையும் நீரின் எடையையும் சேர்த்துக் கணக்கிட்டால், மேலும் கீழுமான ஏற்ற இறக்கத்தின் இயல்பு அலைவுநேரம் (கப்பல் தானாக ஒருமுறை ஏறி இறங்க எடுக்கும் நேரம்) முதலாவதற்கு 5 விநாடி, இரண்டாவதற்கு 11 விநாடி. உள்ளூர்க் காற்றால் எழும் அலைகள் பெரும்பாலும் 5 முதல் 8 விநாடிக்குள் வரும். ஒற்றை உடல் அவற்றோடு சேர்ந்து ஆடும். ஸ்வாத் அவற்றைக் கண்டுகொள்ளாமல் நிற்கும்.

ஆனால் வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் இன்னொன்று இருக்கிறது. 'கள்ளக்கடல்' எச்சரிக்கை என்று செய்திகளில் படிக்கிறோமே, தெற்கே வெகு தொலைவில் எழுந்து இங்கே வரும் அந்த நெடும் பேரலையின் அலைவுநேரம் 12 விநாடியையும் தாண்டும். அது ஸ்வாத்தின் இயல்பு அலைவுநேரத்துக்குப் பக்கத்தில் வருகிறது. மெல்லிய ஸ்ட்ரட்டுக்கு ஆட்டத்தைத் தணிக்கும் திறனும் குறைவு. எனவே அட்லாண்டிக்குக்குச் செய்த வடிவத்தை அப்படியே நகலெடுக்கக் கூடாது. நம் கடலின் அலைப் பதிவுகளைக் கொண்டு, அந்த அலையைப் பின்னாலிருந்தும் சாய்வாகவும் வரவைத்து, மாதிரிக் கப்பலை அலைச் சோதனைத் தொட்டியில் சுயமாக ஓடவிட்டுச் சோதிக்க வேண்டும். நேர் எதிர் அலையில் மட்டும் சோதித்து 'நன்றாக இருக்கிறது' என்று எழுதுவது போதாது.

இந்த அமைதிக்குக் கொடுக்கும் விலை, எடை. அதே 180 சதுர மீட்டர் பரப்புள்ள கப்பல் ஒரு சென்டிமீட்டர் அமிழ 1.85 டன் போதும். ஒற்றை உடலுக்கு 8.9 டன் தேவை. 50 டன் கருவி கூடுதலாக ஏறினால் ஒற்றை உடல் 6 செ.மீ. இறங்கும், ஸ்வாத் 27 செ.மீ. இறங்கும். எரிபொருள் 400 டன் தீர்ந்தால் இரண்டு மீட்டருக்கு மேல் எழும்பிவிடும். அதனால் கடல்நீரை நிறைக்க அதற்கென்றே தனித் தொட்டிகள் வேண்டும். காலியான எண்ணெய்த் தொட்டியில் கடல்நீர் விட்டால் எண்ணெய் கலந்த நீரை வெளியேற்ற முடியாமல் திண்டாட நேரும். முன்பின் சமநிலையும் அப்படித்தான். 10 டன் ஆய்வகக் கன்டெய்னரைத் தளத்தில் 20 மீட்டர் முன்னால் நகர்த்தினால் கப்பல் சுமார் ஒரு டிகிரி குனியும்: முனைக்கும் பின்புறத்துக்கும் ஒரு மீட்டருக்கு மேல் வித்தியாசம். ஒற்றை உடலில் அது 5 செ.மீ. அளவில்தான்.

நிலைத்தன்மைக்காக அகலத்தையும் கூட்ட வேண்டியிருக்கிறது. தளமும் கருவிகளும் உயரத்தில் இருப்பதால் ஈர்ப்பு மையம் மேலே போய்விடுகிறது. மேலே சொன்ன 3,000 டன் ஸ்வாத்தில் அது அடிப்பகுதியிலிருந்து 9.5 மீட்டரில் இருந்தால், ஸ்ட்ரட்டுகளுக்கு இடையே 20 மீட்டர் இடைவெளி போதாது, மெட்டாசென்டர் உயரம் (சாய்ந்த கப்பல் தானே நிமிரும் திறனின் அளவு) எதிர்மறையாகிவிடும். 23 மீட்டர் வைத்தால் ஒன்றரை மீட்டர் கிடைக்கும். ஹிபிகி 67 மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 30 மீட்டர் அகலம் என்பது இதனால்தான். அமிழ் ஆழமும் 7.5 மீட்டர். கப்பலைக் கட்டும் முன்பே, பழுதுபார்க்க அது ஏறக்கூடிய உலர்துறை (நீரை வடித்துவிடும் துறை) எது, கட்டி நிறுத்தும் துறையில் ஆழம் எவ்வளவு என்று பார்த்துவிட வேண்டும்.

வேகம் கூடும்போது வேறொரு சிக்கல். நீருக்கடியிலுள்ள உருளைகள் தம் முனையைத் திசைமாற்றிக்கொள்ளப் பார்க்கும். இந்தத் திருப்புவிசை வேகத்தின் வர்க்கத்தில் வளர்கிறது. முன்பின் மீள்விசை ஏற்கெனவே பலவீனமான கப்பலில் இது முனையைத் தண்ணீருக்குள் புதைத்துவிடும். உருளைகளின் உட்பக்கத்தில் பின்னால் பெரிய துடுப்பும் முன்னால் அசையும் சிறு துடுப்பும் வைப்பது இதற்காகவே. கைமாலினோவில் பின்புறம் ஓர் உருளையிலிருந்து மறு உருளை வரை முழு நீர்ச்சிறகே இருந்தது.

கட்டமைப்பில் கவனிக்க வேண்டிய இடம், ஸ்ட்ரட் பெட்டித்தளத்தைச் சந்திக்கும் உள்மூலை. நின்றுகொண்டிருக்கும்போது பக்கவாட்டிலிருந்து அடிக்கும் அலை இரண்டு உருளைகளையும் மாறிமாறி விரிக்கவும் நெருக்கவும் செய்யும். இந்தப் பக்கவிசை கப்பல் எடையில் பாதிக்கும் மேல் போகலாம். அதன் வளைக்கும் விளைவு முழுவதும் அந்த மூலையில்தான் இறங்குகிறது. அங்கே கூர்முனை விட்டால், தடித்த தகடு போட்டாலும் பற்றவைப்பில் களைப்பு விரிசல் (விசை திரும்பத் திரும்ப மாறுவதால் வரும் விரிசல்) வரும். வளைவான தகடும், தகட்டின் முழுத் தடிமனுக்கும் இறங்கும் முழு ஊடுருவல் பற்றவைப்பும் வேண்டும். அந்த இடத்தை ஆய்வாளர் நேரில் பார்க்கக் கூடியதாகவும், காப்புப் பொருளால் மூடாமலும் வைக்க வேண்டும்.

ஒலி ஆய்வுக் கப்பலுக்கு டீசல்-மின் இயக்கமே சரி. ஜெனரேட்டர்களை மேலே பெட்டித்தளத்தில் இரட்டை ரப்பர் தாங்கிகளில் வைத்து, மோட்டார்களை மட்டும் உருளைக்குள் இறக்கலாம். ஸ்ட்ரட்டின் உள்ளகலம் இரண்டு மீட்டருக்கும் குறைவாக இருக்கும்போது பழுதான மோட்டாரை எந்த வழியாக வெளியே எடுப்பது என்பதை முதல் வரைபடத்திலேயே குறித்துவிட வேண்டும். இல்லையென்றால் உலர்துறையில் உருளைத் தகட்டை அறுக்க வேண்டிவரும்.

எனவே ஒப்பந்தப் புள்ளி கோரும் அதிகாரிகளுக்கு என் வேண்டுகோள்: வேகத்தையும் படுக்கை எண்ணிக்கையையும் எழுதுவதற்கு முன், எடையை எழுதுங்கள். வெறும் கப்பலின் எடையில் குறைந்தது 10 சதவீதத்தை, எடை கூடினால் ஈடுகட்ட, இருப்பாக ஒதுக்குங்கள். கட்டும் தளத்துக்குள் வரும் ஒவ்வொரு பாகமும் எடை போட்ட பிறகே ஏற வேண்டும். மாதம் ஒருமுறை எடை அறிக்கை, அதன்மேல் கட்டணத் தவணை. கப்பல் சேவைக்கு வந்தபின் ஆய்வாளர்கள் புதிய கருவி கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். அதற்கென 50 டன்னைத் தனியாக ஒதுக்கி, கப்பல் கட்டுபவர் அதைத் தொடக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
கப்பல் வடிவமைப்புப் பொறியாளர் ஒருவர்,
சென்னை