15 விநாடி குழந்தைக்குப் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இரண்டாம் வகுப்புப் படிக்கும் பேத்தியைத் தினமும் மாலையில் நான்தான் பள்ளியிலிருந்து அழைத்து வருகிறேன். பள்ளியை அடுத்த சிக்னலில், நடப்பவர்களுக்குப் பச்சை விளக்கு எரிவது 15 விநாடி. பலமுறை கடிகாரத்தைப் பார்த்து எண்ணிவிட்டேன். சாலையின் அகலம் ஏறத்தாழ 18 மீட்டர்.

சிக்னல் நேரத்தைக் கணக்கிட, விநாடிக்கு 1.2 மீட்டர் நடை என்று வைத்துக்கொள்வது வழக்கம். அந்தக் கணக்குப்படி 15 விநாடி சரிதான். ஆனால் அது கைவீசித் தனியே நடக்கும் பெரியவரின் வேகம். புத்தகப் பையைச் சுமந்து வரும் பேத்தியோடு கடக்க எனக்கு 22 விநாடி ஆகிறது. பள்ளி விட்டதும் நாற்பது ஐம்பது பேர் ஓரத்தில் நெருக்கியடித்து நிற்கிறோம். பின்னால் நிற்பவர் சாலையில் கால் வைப்பதற்குள்ளேயே 5 விநாடி போய்விடுகிறது.

சென்ற வாரம் பாதிச் சாலையில் பேத்தியின் தண்ணீர் பாட்டில் வார் அறுந்து உருண்டோடியது. எடுக்கத் திரும்பினாள். அதற்குள் சிவப்பு விழுந்து, பஸ் ஒன்று உறுமிக்கொண்டு நகர்ந்தது. இரண்டடி அகலம்கூட இல்லாத நடுத்திட்டில் அவளை அணைத்துக்கொண்டு அடுத்த பச்சை வரை நின்றேன். அவள் நெஞ்சு படபடவென அடித்துக்கொண்டது என் கைக்குத் தெரிந்தது.

இரவானால் மஞ்சள் மட்டும் மினுக்கும்படி இதே சிக்னலை அமைத்திருக்கிறார்கள். அப்படியானால் பள்ளி தொடங்கும், விடும் நேரங்களில் மட்டும் 30 விநாடி தருவதில் என்ன தடை? வாகனங்கள் கூடுதலாகக் காத்திருக்கப்போவது கால் நிமிடம்.

சாலைப் பாதுகாப்புக்காக 2012-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர் நம் கோவை மருத்துவர் எஸ். ராஜசேகரன். அந்த வழக்கில்தான், நடந்து செல்வோருக்கான விதிகளை 6 மாதத்துக்குள் வகுக்கும்படி மாநிலங்களுக்கு 2025 அக்டோபரில் உத்தரவு வந்தது. விதிகள் ஒருபுறம் இருக்கட்டும். ஒரு சிக்னலின் நேரத்தை மாற்ற அதற்கெல்லாம் காத்திருக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்களுக்குப் பச்சை எரியும்போதே, ‘ஃப்ரீ லெஃப்ட்’ என்று இருசக்கர வாகனங்கள் குழந்தைகளுக்கு நடுவே புகுந்து வருகின்றன. காலையில் அந்தத் திருப்பத்தில் காவலர் ஒருவர் நிற்கிறார். அவர் கை காட்டினால் நிற்கிறார்கள். மாலை மூன்றரை முதல் நாலரை வரையும் அங்கே ஒருவரை நிறுத்துங்கள்.

— ஒரு வாசகி, கோயம்புத்தூர்