பெட்டியில் பிசிஐ, உள்ளே வேறு: நெட்வொர்க் கார்டு குறித்த புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். நான் பெஸ்தாரி ஜெயாவில் (எங்கள் வாய்க்கு இன்னும் பழைய பெயரான பத்தாங் பெர்ஜுந்தைதான்) செம்பனைக் குலை எடை போட்டு வாங்கும் நிலையம் ஒன்றில் கிராணியாக இருக்கிறேன். போன மாதம் 3ஆம் தேதி எங்கள் பழைய பெந்தியம் 4 கம்ப்யூட்டரில் செருக, உங்களிடம் 39 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு நெட்வொர்க் கார்டு, அதாவது கேபிளில் இணைக்கும் கார்டு, வாங்கினோம். அதை வேலை செய்ய வைப்பதற்குள் மூன்று வாரம் ஓடிவிட்டது.

"இந்தக் காலத்தில் பெந்தியம் 4 எதற்கு, புதுசு வாங்குங்கள்" என்று உங்கள் ஆள் போனில் சொன்னார். முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். எங்கள் எடைச்சீட்டு மூன்று பிரதி: ஒன்று தோட்டக்காரருக்கு, ஒன்று லோரிக்காரருக்கு, ஒன்று ஆபீசுக்கு. ஊசி குத்தி அடிக்கும் பழைய டாட் மேட்ரிக்ஸ் அச்சு எந்திரம்தான் மூன்று தாளிலும் ஒரே அடியில் பதிக்கும். அது பாரலல் போர்ட் என்ற பழைய வகை இணைப்பில் ஓடுவது. சீட்டு அடிக்கும் மென்பொருளோ விண்டோஸ் எக்ஸ்பியை விட்டு நகராது. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலோடு ஆதரவு முடிந்தது எனக்கும் தெரியும். அதனால்தான் அந்தக் கம்ப்யூட்டரை இணையத்தில் விடுவதே இல்லை. எடைமேடைக் கூண்டிலிருந்து கேபிள் வழியாக எடை வரும், இது சீட்டு அடிக்கும், அவ்வளவுதான்.

ஒரு மாலை இடி இறங்கியதில், வெளியே ஓடும் அந்தக் கேபிள் வழியாக வந்து, மதர்போர்டில் இருந்த நெட்வொர்க் போர்ட் கருகிவிட்டது. மற்றதெல்லாம் பிழைத்தது. ஒரு கார்டு செருகினால் தீர்ந்தது என்றுதான் உங்களிடம் வந்தோம்.

உங்கள் விற்பனைப் பக்கத்தில் "பிசிஐ" (மதர்போர்டில் கார்டு செருகும் பழைய வகை ஸ்லாட்) என்று இருந்தது. பெட்டி மேல் ஒட்டிய தாளிலும் "பிசிஐ, எக்ஸ்பிக்கு ஏற்றது". கேசைத் திறந்து, தூசியையும் இரண்டு பல்லி முட்டையையும் துடைத்துவிட்டுக் கார்டை எடுத்துப் பார்த்தால், தங்க நிறப் பல்வரிசை இரண்டரை சென்டிமீட்டர்கூட இல்லை. என் போர்டில் இருப்பது எட்டரை சென்டிமீட்டர் நீளத்தில் மூன்று வெள்ளை ஸ்லாட். நீங்கள் அனுப்பியது பிசிஐ எக்ஸ்பிரஸ். பெயரில்தான் உறவு. பழையது 32 கம்பியில் ஒரே நேரத்தில் தரவை அனுப்பும், எக்ஸ்பிரஸ் ஒரு தடத்தில் வரிசையாக அனுப்பும். ஒன்றின் கார்டு இன்னொன்றின் ஸ்லாட்டில் எந்தக் காலத்திலும் உட்காராது. இதைப் போனில் சொன்னதற்கு, "கொஞ்சம் அழுத்திப் பாருங்கள்" என்றார் உங்கள் ஆள். நல்லவேளை, நான் அழுத்தவில்லை.

திருப்பி அனுப்ப 9.50 வெள்ளி என் கையிலிருந்து போனது. மாற்றுக் கார்டு அனுப்பக் கூலி என்று மேலும் 8 வெள்ளி கேட்டீர்கள், கொடுத்தேன்.

இரண்டாவது கார்டு சரியாக உட்கார்ந்தது, திருகும் பொருந்தியது. கருகிய போர்ட்டை பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புப் பக்கம்) அணைத்துவிட்டு எக்ஸ்பியைத் திறந்தால், கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் ஆச்சரியக்குறி. கார்டோடு வந்த உங்கள் குறுந்தட்டைப் போட்டேன், பொருந்தும் கருவி இல்லை என்றது. டார்ச் அடித்துப் பார்த்தேன்: கார்டின் சிப்பில் ரியல்டெக் 8169 என்று இருந்தது. தட்டில் இருந்த டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) 8168க்கானது. அது எக்ஸ்பிரஸ் கார்டுக்குள்ள சிப். அதாவது கார்டை மாற்றிய நீங்கள் தட்டை மாற்ற மறந்துவிட்டீர்கள். சிப் மேல் ஒரு குற்றமும் இல்லை.

மறுபடி போன் செய்தேன். "இணையத்தில் இணைத்து டிரைவரை இறக்கிக்கொள்ளுங்கள்" என்றார்கள். அந்தக் கம்ப்யூட்டருக்கு வலைத் தொடர்பு தருவதே இந்தக் கார்டுதான் ஐயா! கடைசியில் என் அண்ணன் மகன் வேறொரு கம்ப்யூட்டரில் சரியான டிரைவரை இறக்கி பென்டிரைவில் கொண்டு வந்தான். ஐந்து நிமிட வேலை.

இடைப்பட்ட நாளெல்லாம் சீட்டைக் கையால் எழுதினேன். என் 7 பார்க்க 1 மாதிரி இருக்கும். 1,740 கிலோ போட்ட ஒரு தாத்தா அதை 1,140 என்று படித்துவிட்டு, அறுநூறு கிலோவை நான் விழுங்கிவிட்டதாக எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார். எடைமேடையில் மறுபடி லோரியை ஏற்றிக் காட்டிய பிறகுதான் அடங்கினார். பாவம், அவர் மேல் தப்பில்லை.

கார்டின் விலையை நான் கேட்கவில்லை. அது இப்போது ஓடுகிறது. உங்கள் தவறால் செலவான அஞ்சல் காசு 17.50 வெள்ளியைத் திருப்பித் தாருங்கள். விற்பனைப் பக்கத்திலும் பெட்டியிலும் பிசிஐ எது, எக்ஸ்பிரஸ் எது என்று பிரித்து எழுதுங்கள், சிப் எண்ணையும் போடுங்கள். சொன்ன விவரத்துக்கு ஏற்ற பொருளைத் தர வேண்டும் என்று 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. 14 நாளில் பதில் இல்லையென்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு போடுவேன். அங்கே பதிவுக் கட்டணம் 5 வெள்ளிதான், உங்கள் அஞ்சல் கூலியைவிடக் குறைவு.

ரசீதுகளின் நகல், இரண்டு கார்டுகளின் படங்கள், அந்தக் குறுந்தட்டு எல்லாம் இத்துடன் உள்ளன. தட்டு எனக்கு வேண்டாம்.

இப்படிக்கு,
எடை நிலையக் கிராணி,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்