மெயின் சாப்பாடு எப்போது வரும்? எங்கள் லெபனான் உணவகத்திலிருந்து ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கடை திறந்த நாளிலிருந்து பில் கொடுக்கும் இடத்தில் நான் அதிகம் கேட்ட பேச்சு இதுதான்: "சின்னச் சின்னத் தட்டா வந்துக்கிட்டே இருந்துச்சு. மெயின் சாப்பாடு எப்ப வரும்னு காத்திருந்தோம்." தப்பு எங்களுடையது. மெனு கார்டில் விலையைப் போட்டோமே தவிர, எப்படிச் சாப்பிடுவது என்று சொல்லவில்லை.

அந்தச் சின்னத் தட்டுகள்தான் சாப்பாடு. மெஸ்ஸே என்பார்கள். லெபனானின் பெக்கா பள்ளத்தாக்கில் ஸஹ்லே என்று ஓர் ஊர். அங்கே பெர்தவ்னி ஆற்றங்கரை நெடுக உணவகங்கள்தான். மதியம் உட்கார்ந்தவர்கள் சாயங்காலம் எழுந்தால் உண்டு. 2013-இல் யுனெஸ்கோ தன் உணவுக்கலை நகரங்களில் ஒன்றாக அதைச் சேர்த்தது. குவைத்தில் நான் வேலை பார்த்த கிச்சனின் மாஸ்டர் அந்த ஊர்க்காரர். ஆளுக்கொரு தட்டு என்று ஆர்டர் வந்தால் அவர் முகம் சுருங்கிவிடும். தட்டு யாருக்கும் சொந்தமில்லை. நடுவில் வைத்து, ரொட்டியைக் கிள்ளி மடித்து, எல்லோரும் அள்ளிச் சாப்பிட வேண்டும். முள்கரண்டி கேட்டாலும் தருவோம், வருத்தமில்லை.

அடுத்த புகார் தபூலே பற்றி. "வெறும் தழையா இருக்கு, கோதுமையைக் காணோம்" என்றார் ஒருவர். லெபனான்காரர்கள் செய்வது அப்படித்தான். அது, பார்க்கக் கொத்தமல்லி மாதிரி இருக்கும் பார்ஸ்லித் தழைக்கான சாலட். புர்குல் கோதுமை கைப்பிடிதான். தழையைக் கழுவி, ஈரம் போக உலர்த்தி, கூரான கத்தியால் ஒரே வீச்சில் நறுக்க வேண்டும். கத்தி மழுங்கியிருந்தால் தழை நசுங்கிக் கறுத்துத் தண்ணீர் விட்டுவிடும். காலையில் ஓர் ஆளுக்கு இதே வேலை. பார்ஸ்லி விற்கிற விலைக்குக் கொத்தமல்லியைக் கலந்தால் எனக்கு லாபம்தான். ஆனால் அப்புறம் அது தபூலே இல்லை. வீட்டில் செய்து பார்ப்பவர்களுக்கு ஒன்று: கடையில் கிடைக்கும் கோதுமை ரவை சரிப்படாது. அது பச்சையாக உடைத்தது. புர்குல், நம் புழுங்கலரிசி மாதிரி, அவித்துக் காயவைத்து உடைப்பது. அதனால்தான் வேகவைக்காமல் எலுமிச்சைச் சாற்றிலும் தக்காளிச் சாற்றிலுமே ஊறிவிடுகிறது.

ஹம்முஸ் என்றால் அரபியில் கொண்டைக்கடலை, அவ்வளவுதான். கூடவே எள் விழுது, எலுமிச்சை, பூண்டு. யாருடைய பண்டம் என்று அந்தப் பக்கம் பெரிய சண்டை உண்டு. 2010-இல் லெபனான் சமையல்காரர்கள் 10,452 கிலோ ஹம்முஸ் செய்து கின்னஸில் ஏறினார்கள். அந்த எண் எதற்கு என்றால், நாட்டின் பரப்பு 10,452 சதுர கிலோமீட்டர்!

கோழியோடு வரும் வெள்ளை விழுது மயோனைஸ் இல்லை. 2025 ஏப்ரலில் தமிழக அரசு பச்சை முட்டை மயோனைசுக்கு ஓராண்டுத் தடை போட்டதிலிருந்து பலர் அதைத் தொடவே தயங்குகிறார்கள். தூம் என்கிற அந்த விழுதில் பூண்டு, எண்ணெய், எலுமிச்சைச் சாறு, உப்பு மட்டுமே. முட்டை கிடையாது. பூண்டை உப்போடு மசிய அரைத்து, எண்ணெயை நூல் பிடித்த மாதிரி விட வேண்டும். அவசரப்பட்டால் திரிந்துவிடும். போன சனிக்கிழமை ஒரு சட்டி அப்படித்தான் போயிற்று. "இன்று தூம் இல்லை" என்று சொல்லிக் கோழியை வெறுமனே அனுப்பினோம். வாங்கியவர்கள் மன்னிக்க வேண்டும்.

சைவக்காரர்கள் கவலைப்பட வேண்டாம். அங்குள்ள கிறிஸ்தவர்கள் தவக்காலத்தில் கறி தொடமாட்டார்கள். அதற்கென்றே ஒரு சமையல் வளர்ந்திருக்கிறது. மைசூர்ப் பருப்பின் அண்ணன் மாதிரியான தோலுள்ள பருப்பையும் அரிசியையும் சேர்த்து வேகவைத்து, கருகுமுன் இறக்கிய வெங்காயத்தை மேலே போட்ட முஜத்தரா; கறியையும் புர்குலையும் சேர்த்து இடித்துச் செய்யும் கிப்பே, கறிக்குப் பதில் பரங்கிக்காயில். இரண்டும் வெள்ளிக்கிழமைகளில் உண்டு.

இனி நான்கு பேர் வந்தால் ஆறு சிறு தட்டும் ஒரு கிரில் தட்டும் போதும். அதற்கு மேல் கேட்டால் எங்கள் பையன்களே "போதும் சார், பார்த்துட்டுச் சொல்லுங்க" என்பார்கள். அப்படிச் சொல்லச் சொன்னது நான்தான். மீந்ததைக் கட்டித் தருவோம், தபூலேயைத் தவிர. வீடு போய்ச் சேருவதற்குள் அது நீர்த்துவிடும்.

ஞாயிறு காலை 8 மணி முதல் 11 வரை மனூஷே போடப் போகிறோம். ஸஅத்தர் என்கிற மூலிகை, எள் கலந்த பொடியும் ஆலிவ் எண்ணெயும் தடவிச் சுட்ட ரொட்டி, அவர்களுடைய காலைச் சாப்பாடு. 2023-இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் ஏறியது. வீட்டில் கலந்த ஸஅத்தரைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு தெரு அடுப்புக்குப் போய்ச் சுட்டு வாங்கிவருவது அங்கே பழைய வழக்கம். நீங்களும் உங்கள் கலவையோடு வாருங்கள். இட்லிப் பொடி கொண்டுவந்தாலும் சுட்டுத் தருவோம், மாவுக்கு மட்டும் காசு.

இப்படிக்கு,
கடைக்காரர்