மூவ்மென்டை மாற்றுமுன்

அன்பு நண்பா,

உன் கடிதமும் படங்களும் வந்தன. உன் ரெப்ளிகா வாட்ச், அதாவது பெரிய பெயரைப் போட்ட போலி, நாளுக்கு நாலு நிமிடம் முந்துகிறது, நொடி முள் இரண்டு தடவை கழன்று விழுந்தது, சாவி கொடுத்தால் ரோட்டாரும் (கை அசையும்போது உள்ளே சுழன்று தானே சாவி கொடுக்கும் எடை) கூடவே சுற்றுகிறது, இருட்டில் டயல் ஒளிர்வதே இல்லை. ஆகவே உள்ளே இருக்கும் மூவ்மென்டை, அதாவது வாட்சை ஓட்டும் இயந்திரத்தை, தூக்கிப் போட்டுவிட்டு சீகோவின் என்எச்35 மூவ்மென்டை வைக்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். கொஞ்சம் பொறு. நாலு குறைக்கும் நாலு தனித்தனிக் காரணம். மூவ்மென்டை மாற்றினால் இவற்றில் சில தீரலாம், ஆனால் புதிதாக மூன்று தலைவலி வந்து சேரும்.

பின்மூடியைத் திறந்து எடுத்த படத்தைப் பார்த்தால் அது ஈட்டா 2824-2 என்ற சுவிஸ் மூவ்மென்டின் அச்சு அசல் நகல். ரெப்ளிகா என்றாலே உள்ளே குப்பைதான் என்று நினைத்துக்கொள்ளாதே. 2824 பழைய வடிவமைப்பு. அதே அளவுகளில் சீனத் தொழிற்சாலைகள் வெளிப்படையாகத் தங்கள் சொந்தப் பெயரிலேயே மூவ்மென்ட் செய்கின்றன, சீகல் எஸ்டி2130 அப்படி ஒன்று. இரும்பும் பித்தளையும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். கெடுப்பது பூட்டும் கைதான்: தூசியோடு மூடுவது, ஒரு கல்லில் (சக்கரத்தின் அச்சு நுனி சுழலும் குழிவான கல்) எண்ணெயே இல்லாமல் அடுத்த கல்லில் வழிய வழிய விடுவது, முள்ளை ஏனோதானோவென்று அழுத்துவது. அதையெல்லாம் நீயே சரிசெய்துவிடலாம்.

முதலில் அந்த நாலு நிமிடம். எதையும் கழற்றாதே. ஒரு சின்னத் திசைகாட்டியை வாட்சின் மேல் மெதுவாக நகர்த்து. ஊசி துடித்தால் ஹேர்ஸ்பிரிங்கில், அதாவது மயிரிழை போன்ற சுருள்வில்லில், காந்தம் ஏறியிருக்கிறது. சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சுருளின் நீளம் குறைந்ததுபோல ஆகி, பேலன்ஸ், அதாவது முன்னும் பின்னும் ஆடி நேரத்தைக் கணக்கிடும் சக்கரம், வேகமாக ஆடும். காந்தம் நீக்கும் கருவியின் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே வாட்சை அதன்மேல் வைத்து, கை நீளத்துக்கு மெல்ல விலக்கி, அதன் பிறகே பொத்தானை விடு. அருகில் இருக்கும்போதே விட்டால் காந்தம் போகாது, முன்பைவிட அதிகமாக ஏறவும் கூடும்.

அதன்பின், ரோட்டார் குறையையும் (கீழே சொல்கிறேன்) தீர்த்துவிட்டு, முழுச் சாவி கொடுத்து டைம்கிராஃபரில் (துடிப்பின் ஒலியைக் கேட்டு வேகத்தைக் காட்டும் கருவி) வை. லிஃப்ட் ஆங்கிளை (மூவ்மென்டுக்கு மூவ்மென்ட் மாறும் ஒரு கோணம், கருவிக்கு நாம்தான் சொல்ல வேண்டும்) 50 என்று மாற்ற மறக்காதே. பெரும்பாலான கருவிகள் 52-இல்தான் திறக்கும். இந்த எண் தவறினால் வீச்சு (பேலன்ஸ் எத்தனை டிகிரி ஆடுகிறது என்பது) தவறாகக் காட்டும், நாளுக்கு எத்தனை நொடி என்ற கணக்கு மாறாது. டயல் மேல்நோக்கி இருக்க வீச்சு 270 முதல் 310 டிகிரிக்குள் இருந்தால் மூவ்மென்ட் ஆரோக்கியம். 220-க்குக் கீழே என்றால் அழுக்கு, அல்லது எண்ணெய் காய்ந்துவிட்டது. திரையில் கோடு சாய்ந்து ஏறினால் முந்துகிறது, இறங்கினால் பிந்துகிறது. ஒரே கோடு இரண்டாகப் பிரிந்து இணையாக ஓடினால் அது பீட் எரர், அதாவது டிக்குக்கும் டாக்குக்கும் இடைவெளி சமமில்லை. பேலன்ஸ் பாலத்தின் மேல் இரண்டு நெம்புகள் இருக்கும். ஒன்று வேகத்துக்கு, ஹேர்ஸ்பிரிங்கின் நுனியைப் பிடித்திருக்கும் மற்றது பீட் எரருக்கு. புதிதாகத் தொடுகிறவர்கள் இரண்டாவதைத் தள்ளிவிட்டு, வேகம் சரியாகவில்லையே என்று முழிப்பார்கள். எதைத் தொட்டாலும் மயிரிழை அளவு. அதற்கே பத்து இருபது நொடி மாறும்.

ரோட்டார் சுற்றுவது வேறு கதை. 2824-க்கு இது பிறவிக் குறை மாதிரி. தானியங்கிப் பகுதியில் இரண்டு ரிவர்ஸர் சக்கரங்கள். ரோட்டார் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஸ்பிரிங் முறுக வழிசெய்வது அவைதான். கையால் சாவி கொடுக்கும்போது விலகிக்கொள்ள வேண்டியதும் அவைதான். அவற்றுக்குள் எண்ணெய் பிசுபிசுத்துவிட்டால் உள்ளிருக்கும் குட்டிப் பற்கள் ஒட்டிக்கொண்டு, கிரவுனின் (சாவி கொடுக்கும் குமிழின்) திருப்பு நேரே ரோட்டாருக்குப் போய்விடும். அப்படியே தொடர்ந்து முறுக்கினால் பல் தேயும். ஆகவே இதைச் சரிசெய்யும்வரை கையால் சாவி கொடுக்காதே, கையில் கட்டி நடந்தாலே போதும். தானியங்கிப் பகுதி இரண்டு திருகாணியில் முழுசாகக் கழன்று வரும். ரிவர்ஸர்களை வெளியே எடுத்து நாப்தாவில் அலசி, உலர்த்தி, லூபெட்டா வி105 என்ற எண்ணெய்க் கரைசலில் ஒருமுறை முக்கி எடுத்துக் காற்றில் காயவிடு. கரைப்பான் ஆவியாகி மெல்லிய படலம் மட்டும் தங்கும். ஊசியால் எண்ணெய் சொட்டு வைத்தாயோ, மறுபடியும் ஒட்டும்.

முழுச் சர்வீஸும் செய்துபார்க்க ஆசை இருந்தால் இதில் செய். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல மூவ்மென்ட் இல்லை. இரண்டே இரண்டு எச்சரிக்கை. பாலெட்டை (சக்கரங்களைத் தடுத்துத் தடுத்து விடும் நெம்பு) கழற்றுமுன் மெயின் ஸ்பிரிங்கின் முறுக்கை இறக்கு: கிரவுனை விரலில் இறுகப் பிடித்துக்கொண்டு, கிளிக்கை (முறுக்கு திரும்பாமல் தடுக்கும் கொக்கி) ஒரு மரக்குச்சியால் விலக்கி, கிரவுன் விரலுக்குள் மெதுவாக நழுவ விட வேண்டும். மறந்தால் சக்கரங்கள் ஒரு நொடியில் சீறிச் சுற்றி, அச்சு நுனி முறியும். இரண்டாவது, பாலெட்டையும் பேலன்ஸையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஊறப்போடாதே. பாலெட் கற்களையும் பேலன்ஸின் உருளைக் கல்லையும் பிடித்திருப்பது அரக்கு. ஆல்கஹால் அரக்கைக் கரைக்கும். நாப்தா கரைக்காது.

எண்ணெய் விஷயத்தில் கஞ்சத்தனமே நல்லது. வேகமாக ஓடும் சக்கரங்களுக்கும் பேலன்ஸ் கற்களுக்கும் மோபியஸ் கம்பெனியின் 9010 எண்ணெய். மெதுவாக, அழுத்தத்தோடு சுழலும் இடங்களுக்கு எச்பி1300. பாலெட் கற்களின் முகத்துக்கு 9415. மெயின் ஸ்பிரிங் இருக்கும் டப்பாவான பேரலின் உள்சுவருக்கு 8217 கிரீஸ். தானியங்கி மெயின் ஸ்பிரிங் முழுக்க முறுகியதும் அந்தச் சுவரில்தான் வழுக்க வேண்டும், கிரீஸ் தவறினால் சீக்கிரமே வழுக்கி சேமிப்பு நேரம் குறையும். பாலெட்டின் அச்சு நுனிகளுக்கு எண்ணெயே கூடாது. லூப் (கண்ணில் வைக்கும் உருப்பெருக்கி) வழியாகப் பார்க்கும்போது கல்லின் குழிவில் பாதிக்குச் சற்றுமேல் வட்டமாக எண்ணெய் தெரிந்தால் சரி. விளிம்பைத் தொட்டுவிட்டால் அது அங்கே நிற்காது, வழிந்து போய்விடும், கல் வெறுமையாகிவிடும்.

நொடி முள்ளுக்கு வருவோம். இதில் மூவ்மென்ட்மீது பழி இல்லை. நீ வாங்கிப் போட்டது சீகோவுக்கான முள். சீகோவில் மணி, நிமிடம், நொடி முள்களின் துளை 1.50, 0.90, 0.20 மி.மீ. 2824-இல் 1.50, 0.90, 0.25. முதல் இரண்டும் அச்சாகப் பொருந்தவே மூன்றாவதும் அப்படித்தான் என்று நினைத்திருப்பாய். 0.20 துளையை 0.25 அச்சில் அழுத்தினால் முள்ளின் அடிக்குழல் விரிந்து பிளக்கும். லூப்பில் பார், விரிசல் தெரியும். இனி அது எந்த வாட்சிலும் நிற்காது. பசை வைக்கிற எண்ணம் இருந்தால் விட்டுவிடு, வேறு முள் வாங்கு.

மாட்டும்போது: கிரவுனைத் திருப்பித் திருப்பி, தேதி மாறும் அந்தக் கணத்தில் நிறுத்து. அங்கே மணி முள்ளைச் சரியாக 12-இல் வைத்து அழுத்து. அதன்மேல் நிமிட முள், அதுவும் 12. பிறகு 3, 6, 9 என்று முழுச்சுற்று சுற்றி, மணி முள் ஒவ்வொரு மணிக்கோட்டிலும் நேராக நிற்கிறதா பார். பக்கவாட்டில் கண்ணை வைத்து, முள்களுக்கு நடுவே வெளிச்சக் கீற்று எல்லா இடத்திலும் ஒரே அளவில் தெரிகிறதா என்றும் பார்த்துக்கொள். நொடி முள்ளைக் கடைசியில், ரோடிகோ என்ற ஒட்டும் புட்டிக் களிமண்ணின் நுனியில் ஒட்டி எடுத்து, குழல் அச்சின் தலையில் உட்கார்ந்தது தெரிந்த பிறகே நேர்கீழாக அழுத்து. சாய்த்து அழுத்தினால் அச்சு வளையும். கழற்றும்போது மூன்றையும் 12-இல் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி, டயல்மேல் பிளாஸ்டிக் தாளை விரித்து, இரு பக்கமும் நெம்புகோல் கொடுத்து ஒரே மூச்சில் எடு. இரவு 9 மணிக்கும் விடிகாலை 3 மணிக்கும் இடையே முள் நிற்கும்போது தேதியைத் தனியாகத் திருப்பாதே. பல் அப்போது தேதிச் சக்கரத்தில் கோத்திருக்கும்.

ஒளிராததற்குக் காரணம் பூச்சு மெல்லியது என்பதுதான். ஒளிரும் ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட் பொடியும் அதை ஒட்டவைக்கும் பைண்டரும் ஏறக்குறைய சரிபாதி. தேன்போல வழியாமல், கோந்துபோலத் திரளாமல் இருக்க வேண்டும். முள்ளைக் கவிழ்த்து வைத்து, அதில் குடைந்திருக்கும் ஜன்னலின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு ஒரே இழுப்பில் கொண்டுபோ. பரப்பு இழுவிசையே அதைத் தாங்கி நிறுத்தும். இரண்டாவது பூச்சு, முதலாவது நன்றாகக் காய்ந்த பின். இதைக் கற்றுக்கொள்கிறேன் என்று பழைய ரேடியம் டயல் எதையும் சுரண்டிவிடாதே, அந்தத் தூள் மூச்சில் போனால் ஆபத்து.

டயலைக் கழற்றும்போதே ஒன்று செய். அதில் இருக்கும் அந்தப் பெரிய பெயரை எடுத்துவிட்டு, பெயரே இல்லாத டயல் ஒன்றைப் போடு. போலிச் சின்னத்தோடு அதை யாருக்கும் விற்க முடியாது, விற்கவும் கூடாது. அதைவிட, நீ சர்வீஸ் செய்து, முள் பூட்டி, ஒளிப்பூச்சு பூசிய வாட்சில் வேறொருத்தன் பெயர் எதற்கு? புது டயலின் கால்கள் (பின்புறம் மூவ்மென்டில் செருகும் குச்சிகள்) 2824-க்கு உரியவையா என்று கேட்டு வாங்கு. கால் பொருந்தாவிட்டால் வெட்டிவிட்டு இருபக்கப் பசைப் புள்ளி ஒட்டுபவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்காது. டயல் கொஞ்சம் உயரும், முள்களின் இடைவெளி அந்த அளவுக்குக் குறையும்.

என்எச்35-மீது எனக்கு மரியாதை உண்டு: மணிக்கு 21,600 துடிப்பு, 41 மணி நேரச் சேமிப்பு, அடித்தாலும் தாங்கும். ஆனால் அதன் விட்டம் 27.4 மி.மீ., உயரம் 5.32. உன் கேஸ், அதாவது வாட்சின் கூடு, 25.6-க்கும் 4.6-க்கும் குடையப்பட்டது. உள்ளே கடைந்து அகலமாக்கினாலும் பின்மூடி ரோட்டாரில் உரசும். ஸ்டெம்மின் (கிரவுனை மூவ்மென்டோடு இணைக்கும் தண்டின்) உயரம் வேறாக இருப்பதால் கிரவுன் குழாயில் கோணலாக நுழையும். போதாததற்கு, இப்போது நொடிக்கு 8 துடிப்பில் வழுக்கிப் போகிற முள் 6 துடிப்பில் போகும். அதையும் நீயே குறை சொல்வாய். என்எச்35 வேண்டுமென்றால் அதற்கென்றே செய்த கேஸும் 28.5 மி.மீ. டயலும் வாங்கி, இரண்டாவது வாட்சாகக் கட்டு. மூடுமுன் எந்த வாட்சானாலும் பின்மூடி, கிரவுன் ரப்பர் வளையங்களைப் புதிதாக மாற்றி சிலிகான் கிரீஸ் தடவு; அழுத்தச் சோதனை செய்யாமல் தண்ணீர் பக்கம் போகாதே.

அந்த இரண்டாவது வாட்சை ஆரம்பிக்கும்போது இப்போதுள்ள கிரவுனை வீசிவிடாதே. இரண்டு ஸ்டெம்முக்கும் மரை 0.90 மி.மீ.தான், கிரவுன் புதுக் கேஸின் குழாய்க்குப் பொருந்தினால் உபயோகப்படும். புது ஸ்டெம்மை மூவ்மென்டில் செருகி, கிரவுனைப் பூட்டி, கிரவுனுக்கும் கேஸுக்கும் இடையே தெரியும் இடைவெளியை வெர்னியரில் அள. அதைவிட 0.2 மி.மீ. குறைவாக வெட்டி, மீதியை அரத்தால் தேய்த்து இறக்கு. திருகி மூடும் கிரவுன் என்றால் உள்ளே சுருள்வில் இருக்கும், அதைப் பாதி அழுத்திய நிலையில் அளக்க வேண்டும். அளவை எனக்கு எழுதி அனுப்பிவிட்டு வெட்டு.

அன்புடன்,
உன் நண்பன்