அந்த மூணு எர்த் ராடையும் இப்போதைக்கு அடிக்காத

டேய் மச்சி,

ஏழு மாசமாச்சு, தெரியும். திட்டறதா இருந்தா மொத்தமா ஒரே தடவையில திட்டிடு, தவணை முறையில வேண்டாம். தங்கச்சிக்கு முட்டி வலி எப்படி இருக்கு? பெரியவன் வேலைக்குப் போறான்னு கேள்விப்பட்டேன், சந்தோஷம். இங்க எல்லாரும் நல்லா இருக்கோம், நல்லா இருக்கோம்னு சொல்ற அளவுக்கு இருக்கோம், ஏன் அப்படிச் சொல்றேன்னு கீழ வரும்.

நீ அனுப்பின ஃபோட்டோதான் என்னை இன்னிக்கு உக்காந்து எழுத வெச்சுது. உன் ஹாம் ரேடியோ ஆன்டெனாவோட மாஸ்ட் நிமிர்ந்து நிக்குது, அதுலேர்ந்து நாலு பக்கமும் நாலு ரேடியல் ஒயர் அழகா விரிஞ்சிருக்கு, பக்கத்துல மண்ணுல அடிக்கற மூணு எர்த் ராடு, ஒரு சம்மட்டி, "சனிக்கிழமை அடிச்சு எல்லாத்தையும் எர்த் பண்ணிடுவேன்"னு ஒரு வரி. எல்லாத்தையும்னா எதை எதோட? அதைச் சொல்லாம அடிக்காத. நான் அடிச்சு, புடுங்கி, திரும்ப அடிச்சவன், அதனால சொல்றேன்.

முதல்ல பழைய கதை. தரையில நட்டு வெச்ச என் வெர்டிகல், அந்த நெட்டுக்குத்து ஆன்டெனா, ஞாபகம் இருக்கா, எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா கேபிளோட எவ்ளோ பொருந்துதுன்னு காட்டற அளவு, 1 வந்தா முழுப் பொருத்தம்) 1.1ன்னு நான் எல்லார்கிட்டயும் பீத்திக்கிட்டுத் திரிஞ்சேனே, வாத்தியார்கூட "இவன் அந்த மீட்டருக்கு மாலை போட்டுருவான்"னாரே, அது. எட்டு ரேடியல்தான் போட்டிருந்தேன். அப்புறம் ஒரு லீவு நாள்ல புத்தி வந்து கம்பி வாங்கி 24 ஆக்கினேன், எஸ்டபிள்யூஆர் 1.4க்கு ஏறிடுச்சு. எனக்கு வயிறு எரிஞ்சுது, ஏதோ தப்புப் பண்ணிட்டோம்னு பாதியக் கழட்டவே போயிட்டேன். உண்மை என்னன்னா கால் அலை (அலை நீளத்துல கால்வாசி உசரம்) வெர்டிகலோட ரேடியேஷன் ரெசிஸ்டன்ஸ், அதாவது நெஜமா அலையா வெளிய போற பங்கு, 36 ஓம் பக்கம், மண்ணுல வீணாப் போறது ஒரு 14, 15 ஓம் அதோட சேர்ந்து, கேபிளுக்குப் பொருந்தற 50ன்னு காட்டிக்கிட்டு இருந்திருக்கு. அதாவது நூறு வாட் கொடுத்தா முப்பது வாட் மண்புழுவுக்கு. ரேடியல் கூடக் கூட அந்த நஷ்டம் கொறைஞ்சு, ஆன்டெனா தன்னோட நெஜமான 36க்குக் கிட்ட வருது, மீட்டர் மோசம்னு காட்டுது. ஆன்டெனா நல்லாகும்போது மீட்டர் அழும்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது, இருபது வருஷ அனுபவத்துக்கு அப்புறம், சிரிக்காத.

வாத்தியார் 1937 கதைய எடுப்பாரே, பிரவுன், லூயிஸ், எப்ஸ்டீன் மூணு பேரும் வயல் மாதிரி கம்பி புதைச்சு அளந்தது, அதுக்கப்புறம் ஏஎம் ஸ்டேஷன்காரங்க 120 ரேடியல்ன்னு பிடிச்சுக்கிட்டது. அது மண்ணுல படுக்கற ரேடியலுக்கு. நம்மள மாதிரி ஆளுங்ககிட்ட அவ்ளோ எடமும் இல்ல, முதுகும் இல்ல. அதான் ரேடியலத் தூக்கிக் கட்டறது. ரூடி செவர்ன்ஸ்ங்கற ஹாம் 40 மீட்டர் பேண்டுல (7 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) அளந்து காட்டினது உனக்கே தெரியும், ஆள் இடுப்பு உசரத்துக்குத் தூக்கின நாலே ரேடியல், தரையில போட்ட 64க்குக் கிட்டத்தட்ட சமமா நிக்குது. அதப் படிச்சிட்டுத்தான் நானும் ஃபைபர் கம்பம் வாங்கி, மூணு மீட்டர் உசரத்துல கேபிள் வந்து சேர்ற ஃபீட்பாயிண்ட், மேல பத்து மீட்டர் கம்பி, கீழ நாலு பக்கமும் பத்துப் பத்து மீட்டர் ரேடியல்னு கட்டினேன்.

கட்டின அன்னிக்கே தொல்லை. கோஆக்ஸ, அதான் ரேடியோவுலேர்ந்து ஆன்டெனாவுக்குப் போற கேபிள, தொட்டா எஸ்டபிள்யூஆர் ஆடுது, மைக்ல ஒதடு பட்டா சுரீர்ங்குது, யாரும் பேசாதப்பவே சிக்னல் பலம் காட்டற எஸ் மீட்டர் 7ல நிக்குது. எனக்கு என்ன தோணுச்சுன்னு நெனைக்கிற? "எர்த் சரியில்ல." வாத்தியார் ரத்தம் உடம்புல ஓடுதே. கம்பத்தடியில ஒரு ராடு அடிச்சு, ரேடியல் நாலும் சேர்ற எடத்துலேர்ந்து ஒயர் எறக்கி அதுல முறுக்கினேன், ஷேக்குக்கு, அதான் என் ரேடியோ ரூமுக்கு, வெளிய இன்னொரு ராடு அடிச்சு மாடிக்கு ஒயர் இழுத்து ரிக்கோட, அந்த ரேடியோப் பெட்டியோட, முதுகுல கட்டினேன். எஸ்டபிள்யூஆர் ஜம்முனு 1.1! நீ இருந்திருந்தா என்னைத் தடுத்திருப்பியா, இல்ல கூடச் சேர்ந்து கை தட்டியிருப்பியா? தட்டியிருப்ப.

அடுத்த ரெண்டு வாரம் விஸ்பர்ல (நம்ம சின்ன சிக்னல் எவ்ளோ பலமாக் கேட்டுதுன்னு தூரத்து ரிசீவருங்க ரிப்போர்ட் பண்ற முறை) 5 வாட் போட்டுக் கவனிச்சா ரிப்போர்ட் எறங்கியிருக்கு, ஒதட்டுல கடிக்கறது அப்படியேதான் இருக்கு. அப்புறம்தான் ஃபெரைட் வளையத்துல பத்து சுத்து, ஒரு டையோடு, பழைய மீட்டர் ஒன்னு வெச்சு கிளாம்ப் மாதிரி செஞ்சு ஒவ்வொரு ரேடியலா மாட்டிப் பாத்தேன். நூறு வாட்ல 50 ஓமுக்கு மொத்தம் 1.4 ஆம்பியர், ஆளுக்கு 0.35 வரணும். எனக்கு ஒன்னுல 0.7, ஒன்னுல 0.1, மத்த ரெண்டும் நடுவுல எங்கேயோ, கோஆக்ஸ் வெளித்தோல்ல 0.3, எர்த் ஒயர்லயும் 0.3. கூட்டினா கணக்கு ஒதைக்குதேன்னு பாக்காத, எல்லாம் வேற வேற ஃபேஸ்ல, ஒரே நேரத்துல உச்சம் தொடாம, ஓடுது. விஷயம் என்னன்னா எனக்கு நாலு ரேடியல் இல்ல, ஆறு இருந்திருக்கு. அஞ்சாவது கோஆக்ஸ், அது நேரா வீட்டுக்குள்ள வந்து என் ஒதட்டைக் கடிக்குது, போற வழியில வீட்டுல இருக்கற எல்லா எல்ஈடி பல்பு, சார்ஜர் இரைச்சலையும் வாரிக்கிட்டு மேல ஏத்தி விடுது. ஆறாவது அந்த ராடு, கரண்டை மண்ணுக்குள்ள எறக்கி வீணாக்குது, வீணாக்கறதாலதான் மீட்டர் 1.1ன்னு சிரிச்சுது, பழைய கதையேதான், திரும்ப ஏமாந்தேன்.

இதை விடு, மாடி ஒயரைக் கேளு. ராடுலேர்ந்து ரிக் வரைக்கும் அளந்தேன், பத்து மீட்டர். 7.1 மெகாஹெர்ட்ஸ்ல கால் அலை எவ்ளோ? அதேதான். கீழ மண்ணுல ஷார்ட், மேல ஓப்பன். எர்த்துன்னு நெனச்சு நான் ரிக்ல கட்டினது எர்த்தே இல்ல, ஒரு ஏரியல். கனமான ஒயர் போட்டேனேன்னு பெருமை வேற, ஒரு மீட்டர் ஒயர்ல சுமாரா ஒரு மைக்ரோஹென்றி இருக்கு, 7 மெகாஹெர்ட்ஸ்ல அது 44 ஓம், கனம் கூட்டினா பெருசா ஒன்னும் கொறையாது.

சரி, சரி பண்ணினேன். கம்பத்தடி ராடுக்குப் போன ஒயரைக் கழட்டினேன். எதிரெதிர் ரேடியல் ரெண்டு ரெண்டா எடுத்து, அதே உசரத்துல டைபோல் (நடுவுல ஃபீட் பண்ற ரெண்டு கை ஆன்டெனா) மாதிரி ஃபீட் பண்ணி, ரெண்டு ஜோடியும் ஒரே ஃப்ரீக்வென்ஸில ரெசனன்ஸ் வர்ற வரைக்கும் நறுக்கினேன், பிளாஸ்டிக் தோல் இருக்கற ஒயரு அதனால பத்து மீட்டருக்கும் கொஞ்சம் கொறைஞ்சுதான் நின்னுது. இதுதான் நெறைய பேர் விடற எடம், மண்ணுல புதைச்ச ரேடியல் நீளம் முன்ன பின்ன இருந்தா அது கண்டுக்காது, மண்ணே அதை டீட்யூன் பண்ணிடும், தூக்கிக் கட்டினது ஒரு சாண் மாறினாலும் கரண்ட் ஒரு பக்கமா சாஞ்சிடும். அப்புறம் ஃபீட்பாயிண்ட்டுக்கு நேர் கீழ 31 மிக்ஸ்ங்கற வகை ஃபெரைட் வளையத்துல கோஆக்ஸையே பன்னெண்டு சுத்து, அதான் சோக், வெளித்தோல்ல ஓடற கரண்டைத் தடுக்கறது. அவ்ளோதான். ரேடியல் நாலும் 0.33லேர்ந்து 0.37க்குள்ள வந்துச்சு, ஒதட்டுக் கடி போச்சு, இரைச்சல் எஸ் 7லேர்ந்து 4க்கு எறங்குச்சு. சிக்னல் ஏதோ ஒன்னரை டிபி கூடியிருக்கும், பெருசாக் கதை விட மாட்டேன், ஆனா கேக்கறதுல வந்த வித்தியாசம் இருக்கே, காதுல பஞ்சை எடுத்த மாதிரி.

இதோட நிறுத்தியிருக்கலாம். எனக்குத் திமிரு ஏறிடுச்சு மச்சி. "எர்த் ராடா? அதெல்லாம் அலங்காரம், ரேடியல்தான்டா எர்த்து"ன்னு பாக்கறவங்ககிட்ட எல்லாம் பிரசங்கம். வாத்தியார்கிட்டயே சொன்னேன். அவர் ஒன்னும் சொல்லல, "மழைக் காலம் வரட்டும்"னார்.

வந்துச்சு. எதிர் மரத்துல இடி விழுந்துச்சு, நம்ம ஆன்டெனாவுல கூட இல்ல. கோஆக்ஸ் மாட்டியே இருந்துச்சு, என் தப்பு. ஷேக்ல அந்த ரெண்டாவது ராடு ஒயரையும் கழட்டாம விட்டிருந்தேன், அது வீட்டு மெயின்ஸ் எர்த்தோட சேரவே இல்ல, தனியாளா நின்னுச்சு. இடி விழுந்தப்ப அந்த ராடு இருந்த மண்ணு ஒரு வோல்டேஜுக்கு ஏறுது, மெயின்ஸ் எர்த் இருந்த மண்ணு வேற ஒரு வோல்டேஜ்ல நிக்குது, ரெண்டுக்கும் நடுவுல இருக்கற ஒரே பாலம் எது? என் ரிக். பவர் சப்ளை போச்சு, ரிக்ல ரிசீவர் ஃப்ரண்ட் எண்ட் போச்சு, லேப்டாப்ல யுஎஸ்பி போர்ட் கருகிப் போச்சு. அது போகட்டும். சின்னவ அந்த மேசையில ஹெட்ஃபோன் மாட்டி மோர்ஸ் கேட்டுட்டு இருந்தா. பசிக்குதுன்னு எழுந்து போயி பத்து நிமிஷம்.

அதுக்கப்புறம் ரெண்டு மாசம் நான் அந்த ரூம் கதவைத் தொறக்கல. உனக்கு எழுதாததுக்கும் அதுதான் காரணம், வேற ஒன்னும் இல்ல. வீட்டுல இன்னமும் அந்தப் பேச்ச எடுக்கறதில்ல.

இப்ப செஞ்சிருக்கறத சொல்றேன், உன் மூணு ராடும் எங்க போகணும்னு உனக்கே புரியும். ஒன்னு கம்பத்தடியில, ஆனா ரேடியல் சேர்ற எடத்துல கட்டக் கூடாது, கோஆக்ஸ் சோக்கத் தாண்டிக் கீழ எறங்கின எடத்துல, வெளித்தோலை அரெஸ்டர் (இடி வோல்டேஜை மண்ணுக்குத் திருப்பி விடறது) வழியா அந்த ராடுல கட்டணும். சோக்குங்கறது கோஆக்ஸையே சுத்தினதுதானே, டிசிக்கு அது வெறும் ஒயர், கம்பியில ஏறுற ஸ்டாட்டிக் எறங்கிடும், ஆனா ஆர்எஃப்க்கு, அதான் ரேடியோ கரண்டுக்கு, அந்தப் பக்கம் ராடு இருக்கறதே தெரியாது. நடுக்கம்பிக்கும் ரேடியலுக்கும் குறுக்க நான் ஒரு ஆர்எஃப் சோக் காயிலும் போட்டிருக்கேன். ரெண்டாவது ராடு கோஆக்ஸ் வீட்டுக்குள்ள நுழையற எடத்துல, தரை மட்டத்துல, ஒரு தகட்டுல காஸ் டியூப் அரெஸ்டர் வெச்சு. மாடி ஜன்னல்ல நுழைக்காத, கீழ எறக்கி, தட்டையான காப்பர் பட்டையில ராடுக்கு எவ்ளோ குட்டையா முடியுமோ அவ்ளோ குட்டையா. இடியோட கரண்ட் ஒரு மைக்ரோ செகண்டுல 10 கிலோ ஆம்பியர் ஏறுச்சுன்னா ஒரு மீட்டர் ஒயருக்கே 10,000 வோல்ட், கணக்குப் போட்டுக்க. முக்கியமானது இதுக்கப்புறம்தான், அந்த ராடும் கம்பத்தடி ராடும் மெயின்ஸ் எர்த்தும் ஒன்னோட ஒன்னு சேரணும், மெயின்ஸ்ல சேர்க்கறத எலக்ட்ரீஷியன வெச்சு செய், நீயா பெட்டியத் தொறக்காத. மூணாவது ராடு அந்த ரெண்டுக்கும் நடுவுல வழியில. அத்தனையும் செஞ்சும் மேகம் கறுத்தா கோஆக்ஸைக் கழட்டி வெளிய போட்டுடு, அரெஸ்டர் இருக்குன்னு தெனாவட்டு வேண்டாம்.

இன்னொன்னு, ஃபோட்டோவுல அந்த ரேடியல் நுனி உன் தோள் உசரத்துல இருக்கற மாதிரி தெரியுது. நுனியிலதான் வோல்டேஜ் உச்சம், நூறு வாட்லயே தோலைச் சுட்டுடும். பேரன் ஓடி வெளையாடற எடம். தூக்கிக் கட்டு, நுனியில நல்ல இன்சுலேட்டர் போடு.

கம்பத்துலேர்ந்து மெயின்ஸ் எர்த் வரைக்கும் எத்தன மீட்டர்னு டேப் வெச்சு அளந்து எனக்கு எழுது, குத்துமதிப்பு வேண்டாம், உன் குத்துமதிப்பு தெரியும் எனக்கு. ஞாயித்துக்கிழமை காலையில வழக்கமான ஃப்ரீக்வென்ஸில இருப்பேன், பழைய ரிக்ல, அந்த அழுமூஞ்சி ரிக்தான், இன்னும் ஓடுது. வாத்தியாரும் வருவார், ராடு அலங்காரம்னு நான் சொன்னத உன் முன்னாடி மறுபடியும் ஒரு தடவ சொல்லச் சொல்லுவார், நீ சிரிச்சு வெக்காத.

73 (ஹாம் பாஷையில வாழ்த்து)
உன் பழைய மண்புழு

பி.கு. சின்னவ இப்ப மோர்ஸ்ல நிமிஷத்துக்குப் பன்னெண்டு வார்த்தை எடுக்கறா. போன வாரம்தான் திரும்ப அந்த மேசையில உக்காந்தா, உக்காரறதுக்கு முன்னாடி கோஆக்ஸ் எங்க மாட்டியிருக்குன்னு எட்டிப் பாத்தா.